எல்லாக் கணினியிலும் ஓட வேண்டிய டிரைவுக்கு எந்த ஃபார்மட்?

கேள்வி இதுதான்: கையில் புதிதாக 2 டிபி வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றும் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் இருக்கின்றன. வீட்டில் விண்டோஸ் லேப்டாப், வேலை செய்யும் இடத்தில் மேக், எப்போதாவது லினக்ஸ். படங்களை டிவியில் செருகியும் பார்க்க வேண்டும். "எல்லாவற்றிலும் ஓடும் ஒரே ஃபார்மட் எது? எக்ஸ்ஃபேட் போட்டால் டேட்டா போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?"

ஃபார்மட் என்பது டிரைவில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறை; எக்ஸ்ஃபேட் அவற்றில் ஒன்று. பென் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் போடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க் விஷயத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதை வைத்து நீங்கள் இரண்டு வேலை செய்யப் பார்க்கிறீர்கள்: கோப்புகளைச் சுமந்து போவது ஒரு வேலை, அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பது இன்னொரு வேலை. சுமந்து போகிற டிரைவுக்கு, நீங்கள் செருகப்போகும் சாதனங்களிலேயே எது மிகக் குறைவாகப் படிக்கத் தெரிந்ததோ, அதைப் பார்த்து ஃபார்மட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அது டிவி. பத்திரமாக வைக்கிற டிரைவுக்கு, அதை எப்போதும் பிடித்திருக்கப்போகும் கணினியின் சொந்த ஃபார்மட்தான் சரி. இரண்டையும் ஒரே ஃபார்மட்டில் அடக்கப் பார்ப்பதால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு குழப்புகிறது.

முதலில் பழையவரைப் பார்த்துவிடலாம். ஃபேட் குடும்பம் 1977-இல் தொடங்கியது. நாம் இன்று பார்க்கும் ஃபேட்32, விண்டோஸ் 95-இன் பிந்தைய பதிப்பு ஒன்றோடு 1996-இல் வந்தது. கார் ஸ்டீரியோ, பிரிண்டர், பழைய டிவி, கேமரா என்று யூஎஸ்பி துளையோ கார்டு துளையோ உள்ள ஏறக்குறைய எல்லாமே இதைப் படிக்கும். குறை என்னவென்றால், ஒரு கோப்பின் அளவைக் குறித்துவைக்க அதில் 32 பிட் இடம்தான் இருக்கிறது. அதனால் ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்ட முடியாது. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. டிரைவில் 50 ஜிபி காலியாக இருக்கும்போதே "கோப்பு மிகப் பெரியது" என்று விண்டோஸ் மறுப்பது இதனால்தான். ஃபேட்32 கார்டு போட்ட கேமராக்கள் நீளமான வீடியோவைத் துண்டு துண்டாகப் பதிவு செய்வதும் இதனால்தான்.

32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 போடவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. விண்டோஸின் ஃபார்மட் பெட்டி பல்லாண்டுகளாக அதற்கு மேல் விடவில்லை, அவ்வளவுதான். வழக்கமான 512 பைட் செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) கணக்கில் 2 டிபி வரை ஃபேட்32 தாங்கும். அந்தப் பெட்டியை எழுதிய டேவ் பிளம்மர், அதைத் தற்காலிக ஏற்பாடாக நினைத்துச் செய்ததாகவும் 32 ஜிபி எல்லையைத் தானே வைத்ததாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தற்காலிகம் என்று செய்தவைதான் எப்போதும் நீண்ட நாள் வாழ்கின்றன! சரி, எப்படியும் உங்கள் 2 டிபி டிஸ்க்குக்கு ஃபேட்32 வேண்டாம். ஒரே ஒரு பெரிய படக் கோப்பு போதும், அது மாட்டிக்கொள்ள.

ஃபேட்32 இன்னும் தவிர்க்க முடியாத இடம் ஒன்று உண்டு. இயங்குதளம் நிறுவ பென் டிரைவ் தயார் செய்யும்போது, கணினியை எழுப்பும் உள்மென்பொருளான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் ஃபேட் வகையைத்தான் உறுதியாகப் படிக்கும். ஆனால் விண்டோஸின் நிறுவல் கோப்பு ஒன்று பல சமயம் 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. ரூஃபஸ் போன்ற கருவிகள் டிரைவைப் பகுதிகளாகப் பிரித்து, பெரிய கோப்பை விண்டோஸின் சொந்த ஃபார்மட்டான என்.டி.எஃப்.எஸ் பகுதியில் வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன ஃபேட் பகுதியையும் ஒட்டவைத்துச் சமாளிக்கின்றன. அப்படித் தயார் செய்த டிரைவில் திடீரென்று ஒரு குட்டிப் பகுதி தென்பட்டால் பயப்பட வேண்டாம்.

எக்ஸ்ஃபேட்டை மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது, ஃபிளாஷ் டிரைவுகளை மனதில் வைத்து. 4 ஜிபி எல்லை போயிற்று. 32 ஜிபிக்கு மேல் 2 டிபி வரையுள்ள எஸ்.டி.எக்ஸ்.சி மெமரி கார்டுகளுக்கு இதுவே விதிப்படியான ஃபார்மட். மேக் 2010-இலிருந்து, 10.6.5 பதிப்பு முதல், இதைப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. லினக்ஸ்தான் ரொம்ப நாள் வெளியே நின்றது. காரணம் காப்புரிமை. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் இதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 5.4 கெர்னலில் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி) இதைப் படிக்கும் டிரைவர் மென்பொருள் ஒன்று சேர்ந்தது, 2020-இல் 5.7 கெர்னலில் சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் அதன் இடத்துக்கு வந்தது. ஆக, "லினக்ஸில் எக்ஸ்ஃபேட் ஓடாது" என்று எங்காவது படித்தால், அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள்.

இனி நீங்கள் பயந்து கேட்டதற்கு வருகிறேன். எக்ஸ்ஃபேட் போட்டால் டேட்டா போய்விடுமா?

தானாகப் போகாது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால், மற்ற ஃபார்மட்டுகளைவிட மோசமாக அடி வாங்கும். ஒரு கோப்பைச் சேர்க்க எக்ஸ்ஃபேட் பல இடங்களில் எழுத வேண்டியிருக்கிறது: எந்த இடம் காலி, எது நிரம்பியது என்று காட்டும் வரைபடம் ஒன்று, ஃபோல்டருக்குள் கோப்பின் பெயரும் அளவும் தொடங்கும் இடமும் கொண்ட பதிவு இன்னொன்று, கோப்பு துண்டுகளாகச் சிதறியிருந்தால் அந்தத் துண்டுகளைக் கோக்கும் அட்டவணை மூன்றாவது. ஃபேட்32-இல் இந்த அட்டவணைக்கு வழக்கமாக இரண்டு பிரதிகள் இருக்கும்; எக்ஸ்ஃபேட்டில் ஒன்றுதான். மூன்றில் ஒன்றை எழுதி முடித்து அடுத்ததை எழுதுவதற்குள் கேபிள் கழன்றால், இவை ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும்.

என்.டி.எஃப்.எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்றவற்றில் ஜர்னல் என்று ஒன்று இருக்கிறது. "இதை இதைச் செய்யப்போகிறேன்" என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்த பிறகுதான் அவை வேலையைத் தொடங்கும். நடுவில் மின்சாரம் போனாலும், அடுத்த முறை செருகும்போது குறிப்பேட்டைப் பார்த்து முடிக்க வேண்டியதை முடித்து, கைவிட வேண்டியதைக் கைவிட்டுவிடும். எக்ஸ்ஃபேட்டில் அப்படி எதுவும் கிடையாது. "சுத்தமாக மூடப்படவில்லை" என்ற ஒரு கொடி மட்டும் நிற்கும்.

இதில் ஒரு தவறான நம்பிக்கையையும் சேர்த்துத் திருத்திவிடுகிறேன். ஜர்னல் இருந்தால் பாதி நகலான வீடியோ முழுதாகிவிடாது. ஜர்னல் காப்பாற்றுவது ஃபோல்டர் அமைப்பையும் இடக்கணக்கையும்தான். பாதியில் நின்ற கோப்பு எந்த ஃபார்மட்டிலும் பாதிதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் சும்மா இருந்த மற்ற கோப்புகள் பிழைக்குமா என்பதில்தான் வித்தியாசம்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். ஒரு பயணத்தின் புகைப்படங்களை எக்ஸ்ஃபேட் டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். கேபிள் தளர்ந்து டிஸ்க் துண்டித்துக்கொண்டது. மறுபடி செருகியதும் "இந்த டிரைவில் ஒரு பிரச்சினை இருக்கிறது, சோதிக்கட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டது. வழக்கமான தொல்லை என்று மூடிவிட்டு, நகல் எடுப்பதைத் தொடர்ந்தேன். நான் செய்த பெரிய தப்பு கேபிளைச் சரியாகச் செருகாதது அல்ல, இதுதான். காலி இட வரைபடம் தப்பாக இருக்கும்போது புதிதாக எழுதினால், ஏற்கனவே இருக்கிற கோப்புகளின் மேலேயே எழுத வாய்ப்பிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஃபோல்டர், அன்று நான் தொடவே தொடாதது, குப்பையாகிப்போனது. ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி பெரும்பகுதியை மீட்டுத் தந்தது. ஆனால் அது கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துத் தேடுவது. பழைய பெயரும் ஃபோல்டரும் வராது. ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்த அந்த வாரங்களை மறக்கவே முடியாது.

அதனால், அந்தக் கேள்வி வந்தால் எதையும் எழுதாதீர்கள். முக்கியமானவற்றை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், அப்புறம் சோதனையை ஓட்டுங்கள். வரிசை முக்கியம். சோதனைக் கருவியின் வேலை அமைப்பை ஒழுங்காக்குவது. உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அதன் முதல் கவலை அல்ல. தலையும் வாலும் தெரியாத துண்டுகளைத் தனி ஃபோல்டரில் எண் போட்டுக் கொட்டிவிட்டு, "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லிவிடும்.

மேக்கில் இதே விஷயம் வேறு முகத்தோடு வரும். சரியாக வெளியேற்றாத எக்ஸ்ஃபேட் டிஸ்க்கைச் செருகினால், ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். டிஸ்க் விளக்கு மட்டும் மின்னும், திரையில் டிரைவ் வராது. பின்னணியில் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2 டிபி டிஸ்க்குக்கு இது நிறைய நேரம் எடுக்கலாம். பொறுமை இழந்து பிடுங்கினால் சோதனைக்கு நடுவில் பிடுங்கியதாகிவிடும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

லினக்ஸில் இன்னொரு பொறி. நகல் முடிந்துவிட்டது என்று பச்சைக் கோடு காட்டும்போது, கோப்பின் பெரும்பகுதி இன்னும் நினைவகத்திலேயே இருக்கலாம். வெளியேற்று என்பதை அழுத்தி, "இப்போது எடுக்கலாம்" என்று அது சொல்லும்வரை கையை வைக்கக்கூடாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவுகளுக்கு இப்படித் தேக்கிவைத்து எழுதுவதை இயல்பாகவே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் நகல் ஓடும்போது பிடுங்கினால் அதுவும் காப்பாற்றாது.

எக்ஸ்ஃபேட்டின் மற்றொரு குறையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எந்த ஃபார்மட்டும் இடத்தைக் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்கும். ஒரு கட்டத்தை இரண்டு கோப்புகள் பகிர முடியாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸ் எக்ஸ்ஃபேட் போடும்போது ஒரு கட்டம் இயல்பாக 128 கேபி. என்.டி.எஃப்.எஸ்ஸில் 16 டிபி வரை 4 கேபிதான். ஒரு லட்சம் சின்னக் கோப்புகள், ஒவ்வொன்றும் 2 கேபி என்று வையுங்கள்: உண்மையான சரக்கு 200 எம்பி. என்.டி.எஃப்.எஸ்ஸில் இது ஏறக்குறைய 400 எம்பி இடம் பிடிக்கும், எக்ஸ்ஃபேட்டில் 12.8 ஜிபி! நிரல் எழுதுபவர்கள் புராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே தூக்கிப்போட்டுவிட்டு "டிஸ்க் எங்கே போனது?" என்று கேட்பது இதனால்தான். ஒரு ஜிப் கோப்பாக்கிப் போட்டால் தீர்ந்தது. படமும் வீடியோவும் மட்டும் வைப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

என்.டி.எஃப்.எஸ் 1993-இலிருந்து இருக்கிறது. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவருக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் மேக் இருக்கிறது. மேக் என்.டி.எஃப்.எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. எழுத வைக்கத் தனியாக டிரைவர் விற்கிறார்கள். ஆனால் இரவல் கணினியிலும் வேலையிடத்துக் கணினியிலும் நம் இஷ்டத்துக்கு டிரைவர் நிறுவ விடமாட்டார்கள். அது எடுத்துப்போகும் டிரைவின் நோக்கத்தையே கெடுக்கிறது. லினக்ஸில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. 2021-இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து உள்ளேயே டிரைவர் உண்டு. ஆனால் விண்டோஸ் சுத்தமாக மூடாத டிஸ்க் என்றால் அது முரண்டு பிடிக்கும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், "ஷட் டவுன்" செய்தாலும் கணினி முழுதாக மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே டிஸ்க்கை வெளியேற்றிவிட்டுத்தான் கணினியை மூட வேண்டும்.

லினக்ஸின் எக்ஸ்ட்4, மேக்கின் ஏ.பி.எஃப்.எஸ் இரண்டும் அவரவர் வீட்டில் ராஜா. லினக்ஸ் காப்புப்பிரதிக்கு எக்ஸ்ட்4. மேக்கின் காப்புப்பிரதி வசதியான டைம் மெஷினுக்கு ஏ.பி.எஃப்.எஸ். ஊர் சுற்றும் டிரைவில் இவற்றைப் போடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், படிக்க முடியாமல் போவது மட்டும் அல்ல. எக்ஸ்ட்4 டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், "இதைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று மிக மரியாதையாகக் கேட்கும். மேக்கும் தன் பங்குக்கு "படிக்க முடியவில்லை" என்று சொல்லி, அழிக்கும் பொத்தானையும் பக்கத்திலேயே நீட்டும். உங்கள் டிஸ்க்கை நல்லெண்ணத்தோடு செருகுகிற இன்னொருவர் "சரி" என்று அழுத்திவிட்டால் கதை முடிந்தது. கேபிள் கழன்று போன டேட்டாவைவிட இந்த ஒரு பெட்டியால் போன டேட்டாதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. எக்ஸ்ஃபேட்டிலும் என்.டி.எஃப்.எஸ்ஸிலும் பெயர் 255 எழுத்துக்குறிகள் வரை போகலாம். எக்ஸ்ட்4-இலும் 255தான், ஆனால் அது பைட் கணக்கு. தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவார்கள். "கொடி" என்ற இரண்டெழுத்துச் சொல்லுக்கே 12 பைட். ஆக எக்ஸ்டென்ஷன் உட்பட ஏறக்குறைய 85 குறிகளோடு கதவு மூடிவிடும். எக்ஸ்ஃபேட்டில் சௌகரியமாக இருந்த நீளப் பெயர் லினக்ஸ் டிஸ்க்குக்குப் போகாமல் நிற்கும். இன்னும் விசித்திரம், மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ் பிளஸ் "கொ"வின் கொம்பையும் காலையும் பிரித்து இரண்டு குறிகளாகச் சேமிக்கும். அங்கிருந்து எக்ஸ்ட்4-க்கு வந்தால், கண்ணுக்கு ஒன்றே போலத் தெரியும் இரண்டு கோப்புகள் ஒரே ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள்குறி போடும் பழக்கமும் லினக்ஸோடு போகட்டும். எக்ஸ்ஃபேட் அவற்றை ஏற்காது.

சரி, உங்கள் டிஸ்க்குக்கு வருவோம். அதிலுள்ளவை எல்லாவற்றுக்கும் வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கிறதென்றால், முழுதும் எக்ஸ்ஃபேட் போட்டுவிடுங்கள், தலைவலி விட்டது. இல்லையென்றால் இரண்டாகப் பிரியுங்கள்: முதலில் 500 ஜிபி எக்ஸ்ஃபேட், மீதி 1.5 டிபி என்.டி.எஃப்.எஸ். முன்பகுதியில் போக்குவரத்து, பின்பகுதியில் வீட்டு லேப்டாப்பின் சேமிப்பு. மேக்கிலிருந்து பின்பகுதியைப் படிக்கலாம், அதிலுள்ள கோப்பைத் தவறிப்போய் நீக்கிவிட முடியாது. எனக்கு அது ஒரு வசதியாகவே படுகிறது. எக்ஸ்ஃபேட்டை முன்னால் வைக்கச் சொல்வது டிவிக்காக. பல டிவிகள் முதல் பகுதியை மட்டும்தான் பார்க்கும். ஆனால் டிஸ்க்கே பழுதானால் இரண்டு பகுதியும் சேர்ந்துதான் போகும். பிரிவினையைக் காப்புப்பிரதியாக எண்ணிவிடாதீர்கள்.

ஃபார்மட்டை விண்டோஸிலேயே செய்யுங்கள். மேக்கில் செய்தால், டிஸ்க் யுடிலிட்டியில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லாதவரை பகுதித் திட்டத்தை, அதாவது டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே என்று குறித்துவைக்கும் முறையை, தேர்ந்தெடுக்கவே விடாது. பழைய டிவிகள் பல, எம்.பி.ஆர் என்ற பழைய திட்டத்தைத்தான் படிக்கும், புதியதான ஜி.பி.டி என்றால் டிரைவே இல்லை என்று சாதிக்கும். எம்.பி.ஆர் 2 டிபி வரை தாங்கும் என்பதால் உங்கள் அளவுக்குச் சரியாக இருக்கும். மேக் தான் எழுதும் கோப்புகள் பலவற்றோடு, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த ஒரு குட்டிக் கோப்பை எக்ஸ்ஃபேட்டில் போடும். டிவியில் ஒரே படம் இரண்டு முறை தெரிந்து, ஒன்று ஓடாமல் போனால் அதுதான் காரணம். அழித்துவிடலாம்.

மேக்கில் டிஸ்க்கைச் செருகியதும் டைம் மெஷினுக்குப் பயன்படுத்தட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆம் என்றால் அது தன் ஃபார்மட்டுக்கு மாற்ற எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிக் கேட்கும்.

புது ஃபார்மட்டில் சரக்கு ஏற்றும்முன் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு படத்தையும், தமிழ்ப் பெயரோடு ஒரு கோப்பையும் விண்டோஸில் போட்டு வெளியேற்றுங்கள். டிவியில் படம் ஓடுகிறதா பாருங்கள். மேக்கில் செருகி இன்னொரு கோப்பை எழுதி, அங்கும் வெளியேற்றி, மறுபடி விண்டோஸில் திறந்து பாருங்கள். டிவி எக்ஸ்ஃபேட்டை ஏற்க மறுத்தால் 2 டிபி டிஸ்க்கை அதற்காக ஃபேட்32 ஆக்க வேண்டாம். பழைய பென் டிரைவ் ஒன்றை ஃபேட்32 போட்டு டிவிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். 4 ஜிபிக்குள் அடங்கும் படங்களை அதில் வைத்துக்கொள்ளலாம்.